எழுந்து நின்ற ஒய்.பி.

சுங்கை மெராந்தி தோட்டத்தில் வெயில் வருவதற்கு முன்பே வேலை வந்துவிடும். சுண்ணாம்புக் குன்றுகளின் இடுக்கிலிருந்து இறங்கும் பனி செம்பனை மட்டைகளில் தங்கி, மரத்தடியில் நிற்பவன் பிடரியில் சொட்டும். பத்துமலை நீண்ட கழியை நிமிர்த்தினார். அதன் நுனியில் பிறை போல் வளைந்த அரிவாள். அதைக் குலையின் காம்பில் மாட்டி, இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி, இடுப்பிலிருந்து ஒரே இழுப்பு. மட்டை சரிந்தது. அதன் பின்னாலேயே குலை வந்து விழுந்தது. சிமெண்டு மூட்டை விழுந்தாற்போல் தரை அதிர்ந்தது.

சிதறிய உதிரிப் பழங்களை அவர் மனைவி ராக்காயி குந்தியபடியே பொறுக்கிச் சாக்கில் போட்டாள். குலையின் முள் நகக்கண்ணில் ஏறும். ஏறினால் வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த பழத்துக்குக் கையை நீட்ட வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கூலி நிற்காது. அந்தக் கூலியும் இப்போது கரைந்துவிட்டது. லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில் இருக்கும் ஆட்களைக் கம்பெனி நிரந்தர வேலையிலிருந்து எடுத்துக் குத்தகைக்கு மாற்றியதிலிருந்து, எடைக்கு இவ்வளவு என்று அவர்கள் சொல்வதுதான் விலை.

பத்துமலைக்கு அறுபது தாண்டிவிட்டது. முதுகு வளைந்ததை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. இந்தத் தோட்டம் ரப்பர் பால்மரக் காடாக இருந்த காலத்தில் வந்த குடும்பம். கங்காணி கை ஓங்கியபோது அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவருடைய பாட்டனார். அன்றிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பரிவட்டம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வந்தவர் தலையில் பட்டுத்துணியைச் சுற்றுவதும் அவர்கள் கைதான். பத்துமலை கட்டிய பரிவட்டம் யார் தலையில் இருந்தாலும் அவர் நம்மவர் என்று லயமே நம்பும். அந்த நம்பிக்கையைத் தன் வீட்டுச் சொத்தாக அவர் காத்து வந்தார்.

அன்று காலை எடை போடும் கொட்டகைக்கு மேனேஜர் சதாசிவம் வந்தார். கூடவே இரண்டு பேர், கையில் சிவப்புப் பெயிண்டு டின்னோடு.

"இந்த மாசக் கடைசியோட அறுவடை நிறுத்தம். நெலம் தாமானாகப் போவுது. பெரிய பெரிய வீடு கட்டப் போறாங்க. லயத்துல இருக்குறவங்க காலி பண்ணிக்கணும்" என்றார் சதாசிவம்.

"எங்க சார் போறது?" என்று ராக்காயி கேட்டாள்.

"அது கம்பெனி பாக்குற வேலை இல்ல, அக்கா."

"பெரிய பெரிய வீடு கட்டுறதுதான் கம்பெனி பாக்குற வேலையா? எங்க வீட்ட இடிக்கிறதும் அதே வேலையா?"

சிலர் சிரித்தார்கள். சதாசிவம் சிரிக்கவில்லை.

பத்துமலை முன்னால் வந்தார். "தோட்டத்து ஆளுங்களுக்கு மொதல்ல வீடு கட்டிக் கொடுத்துட்டுத்தான் நெலத்தை மாத்தணும்னு சட்டமன்றத்துல தீர்மானம் வருதுன்னாங்களே. அது வரட்டும். அப்பறம் பேசுவோம்."

"அது வந்து, தோத்து, முடிஞ்சு போச்சு பெரியவரே!" சதாசிவத்தின் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது. "எப்படித் தோத்துச்சுன்னு உங்க ஒய்.பி.யையே கேளுங்க. நீங்கதான் அவருக்கு நெருக்கமாச்சே. தோட்டத்து வாசல்ல அவரு படத்தோட உங்க படமும் தொங்குது."

தொங்கத்தான் செய்தது. சட்டமன்ற உறுப்பினரை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒய்.பி. என்பார்கள். அந்தத் தொகுதியின் ஒய்.பி. தர்மேந்திரன். கோயிலுக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தவர். அதற்காகத் தோட்டத்து வாசலில் இரண்டு கம்பம் நட்டுப் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒய்.பி. கை கூப்பி நின்றார். கீழே வட்ட வட்டமாகக் கோயில் நிர்வாகிகளின் முகங்கள். அதில் பெரிய வட்டம் கோயில் தலைவர் பத்துமலையுடையது. 'எங்கள் ஒய்.பி.க்கு லயத்து மக்களின் மனமார்ந்த நன்றி.' ஒருவர் நல்லது செய்தால் முகத்தோடு பேனர் கட்டி நன்றி சொல்வது அந்த ஊர் வழக்கம். சொல்லாவிட்டால் அவமரியாதை என்று நினைப்பார்கள்.

மத்தியானத்துக்குள் ஒவ்வொரு கதவிலும் சிவப்புக் கோடு விழுந்தது. காயாத பெயிண்டு கதவுச் சட்டத்தில் ஒழுகியது. பத்துமலை தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

ராக்காயி வீட்டுப் பின்னால் வாழை வைத்திருந்தாள். அறுத்த இலைகளைப் பட்டணத்தில் ஹுசைனின் சாப்பாட்டுக்கடைக்குக் கொடுப்பது வழக்கம். அன்று இலைக்கட்டைத் தானே எடுத்துக்கொண்டு பத்துமலை மோட்டார் சைக்கிளில் போனார்.

"என்னாண்ணே, நீங்களே வந்துட்டீங்க? அக்கா எங்க?" என்றான் ஹுசைன். நாற்பது வயதுக்காரன். வாய் ஓயாதவன். பத்துமலையின் முகத்தைப் பார்த்ததும் வாய் ஓய்ந்தது.

விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனைத் தேய்த்தான். "சட்டமன்றத்த நேரடியா காட்டுவாங்கண்ணே. அந்தப் பதிவு அப்படியே கெடக்கும், யாரும் பாக்குறதில்ல. இருங்க… இதோ."

சிறிய திரையில் பெரிய மண்டபம். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கும்படி அவைத்தலைவர் மலாயில் சொன்னார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மூன்றாவது வரிசையில் தர்மேந்திரன் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். எண்ணிக்கை நடந்த நேரம் முழுக்கத் தன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். எதற்கோ லேசாகச் சிரித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"திரும்பப் போடு" என்றார் பத்துமலை.

ஹுசைன் திரும்பப் போட்டான்.

"கூரைக்குப் பூசை போட்டுத் திருவிழா எடுத்த அதே வாரம்" என்றார் பத்துமலை, திரையில் இருந்த தேதியைப் பார்த்து. ஆறிப்போன தேத்தண்ணி அவர் முன்னால் அப்படியே இருந்தது. "அந்த வாரந்தான் நான் இவன் தலையில பரிவட்டம் கட்டினேன்."

மறுநாள் கோயில் நிர்வாகிகளோடு ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போனார். குளிர்சாதன அறை. தர்மேந்திரன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, வாங்க. ஒரு போன் அடிச்சா நானே வந்திருப்பேன்ல."

"நீங்க எழுந்து நின்னதப் பாத்தோம்" என்றார் பத்துமலை, உட்காராமலே.

ஒரு நொடி. அதற்குள் ஒய்.பி.யின் முகம் தன்னைச் சரிசெய்துகொண்டது. "அதுவாண்ணே? எதிர்க்கட்சிக்காரன் கொண்டு வந்த தீர்மானம். கட்சி எழுந்திரின்னா எழுந்திரிக்கணும். அரசியல் லா, அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

"வீடு போவுது, ஒய்.பி."

"எல்லாருக்கும் ஏதாச்சும் பாத்து செய்யச் சொல்றேன். கம்பெனி நம்ம பேச்ச கேக்கும்."

"ஏதாச்சும்னா?"

தர்மேந்திரனின் குரலில் இருந்த வெல்லம் கரைந்தது. "அண்ணே, நீங்க இப்ப வந்து கோவிச்சுக்கிட்டா எப்படி? மேலிடத்துல கேட்டாங்க, லயத்து மக்கள் எதிர்ப்பாங்களான்னு. நான் உங்க பேனரைத்தான் போட்டோ புடிச்சுக் காட்டினேன். பாருங்க, எவ்ளோ சந்தோசமா இருக்காங்கன்னு. கோயில் தலைவரே நன்றி சொல்றாருன்னு. நீங்க சொன்னதத்தானே நான் சொன்னேன்?"

அறை மிகவும் குளிர்ந்தது. பத்துமலை திரும்பி நடந்தார். நிர்வாகிகள் பின்னால் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லயத்து மக்கள் கோயிலில் கூடினார்கள். மழை பிடித்துக்கொண்டது. புதுக் கூரைத் தகரத்தில் அது கொட்டிய கொட்டில் கத்திப் பேச வேண்டியிருந்தது. சேற்றுக்காலோடு உள்ளே வரத் தயங்கி ஹுசைன் படியிலேயே நின்றான்.

"ஏறி வா லா, ஹுசைன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தரை?" என்றாள் ராக்காயி.

ஹுசைன் வந்து உட்கார்ந்தான். "ஒரு ரோசனை சொல்றேன். சிரிக்காதீங்க. என் கடை பிரியாணிக்கு பேஸ்புக்ல விளம்பரம் போடுறேன்ல? அத ஈப்போக்காரன் பாத்து என்னா லா ஆவப் போவுது? அவன் வர மாட்டான். அதனால மேப்புல என் கடையச் சுத்தி ஒரு வட்டம் போட்டுருவேன். வட்டத்துக்குள்ள இருக்குறவன் போன்ல மட்டும் வரும். காலையில வரும், பஸ்ஸுக்கு நிக்கையில வரும், ராத்திரி படுக்கையில வரும். பிரியாணி வேணாம்னு சொல்றவனும் ஒரு நாள் வந்துருவான்."

"பிரியாணிக்கும் எங்க வீட்டுக்கும் என்னாய்யா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி. கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் ஆள்குறைப்பில் திரும்பி வந்தவள். அவள் பேச்சில் எப்போதும் ஒரு சூடு இருக்கும்.

"ஒய்.பி.க்கு ஓட்டுப் போடுறது யாரு? கோலாலம்பூர்க்காரனா? இந்தத் தொகுதிதானே? போன தடவை தலமுடி அளவுலதான் தப்பிச்சாரு. தொகுதி அளவுக்கு வட்டம் போடுவோம். அவரு எழுந்து நிக்கிறத எல்லாரும் பாக்கட்டும்."

"துரோகின்னு பெருசா எழுதிப் போடு!" என்றாள் ராக்காயி.

"வேணாம் அக்கா. திட்டினா கேஸு. பொய் சொன்னா ஜெயிலு. அவரு செஞ்சத மட்டும் காட்டுவோம். என்னா செஞ்சாருன்னு ஒருத்தர் சொல்லணும். பொறந்ததுலேருந்து இங்க இருக்குறவரா இருக்கணும்."

எல்லாக் கண்களும் பத்துமலையிடம் போயின.

"நான் மாட்டேன்" என்றார் அவர். "ஊர் பூரா என் மொகத்தக் காட்டி, பத்துமலை ஏமாந்துட்டான்னு எல்லாரும் சிரிக்கணுமா? எங்க தாத்தா பேரு, அப்பா பேரு…"

"மொகந்தான் ஏற்கெனவே வாசல்ல தொங்குதே! அதுக்கு மட்டும் கௌரவமா?" என்றாள் ராக்காயி.

"ராக்காயி!"

"நீங்க பேசலேன்னா நான் பேசுறேன்."

"நம்ம வீட்டுப் பொம்பளை மொகம் கண்டவன் போன்லயும் வருமா?"

"எந்த வீடு? சிவப்புப் பெயிண்டு அடிச்ச வீடா?"

பத்துமலை எழுந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது.

மறுநாள் காலை மரத்தடிக்கே சதாசிவம் வந்தார். செருப்பில் சேறு ஒட்டாமல் மட்டைகளின் மேல் கால் வைத்து நடந்து வந்தார்.

"பெரியவரே, நேத்து ஏதோ கூட்டம்னு கேள்விப்பட்டேன். நல்லவேளை, நீங்க வெளிய வந்துட்டீங்க. பெரிய மனுசன்னா அப்படித்தான் இருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி ஒரு வீடு தரும். உங்களுக்கு மட்டும். சிம்பாங் பூலாய் பக்கம், நல்ல வீடு. நீங்க மொதல்ல காலி பண்ணிட்டா மத்தவங்க தானா கெளம்பிருவாங்க. கோயில் தலைவரு போனா யாரு நிப்பா?"

பத்துமலை கழியை மரத்தில் சாய்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தன் முகம் இவர்களுக்கு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று அவருக்கு அந்த நேரத்தில் முழுவதும் விளங்கிற்று. முதலில் சம்மதத்துக்குச் சாட்சி. இப்போது மந்தையை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடும் ஆடு.

"சதாசிவம்" என்றார். சார் என்று சொல்லவில்லை. "ஒங்க அப்பா இந்தத் தோட்டத்துலதான் பால்வாளி தூக்கினாரு. அவருக்குத் தனியா ஒரு வீடு தரேன்னு சொல்லியிருந்தா, லயத்த விட்டுட்டுப் போயிருப்பாரா?"

"காலம் மாறிப்போச்சு, பெரியவரே."

"நீ மாறிட்ட. காலத்து மேல போடாத."

சதாசிவத்தின் கண் சுருங்கியது. "யோசிச்சுக்குங்க. அப்புறம் நான் வந்து கேக்க மாட்டேன். மெசின்தான் வரும்."

அன்று சாயங்காலம் பத்துமலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றார். சிவப்புக் கோடு தோளுக்கு மேல் தெரிந்தது. "ஹுசைனக் கூப்புடு" என்றார் ராக்காயியிடம்.

ஹுசைன் போனைத் தூக்கிப் பிடித்தான். லயமே சுற்றி நின்றது. பத்துமலை யாரையும் பார்க்கவில்லை. நேரே பார்த்தார்.

"என் பேரு பத்துமலை. சுங்கை மெராந்தி மாரியம்மன் கோயில் தலைவரு. ஒய்.பி. தர்மேந்திரன் தலையில போன திருவிழாவுல பரிவட்டம் கட்டினது இந்தக் கைதான். அதே வாரம், எங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கணும்னு வந்த தீர்மானத்தத் தோக்கடிக்க எழுந்து நின்னதும் அவருதான். பாருங்க. இப்ப எங்க கதவையும் பாருங்க. அவரு உங்களுக்கும் ஒய்.பி.தான். ஏன் எழுந்து நின்னீங்கன்னு நீங்களும் அவரக் கேளுங்க."

அவ்வளவுதான். அழவில்லை. கை கூப்பவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பேச்சையும் சட்டமன்றக் காட்சியையும் சேர்த்து ஹுசைன் போட்ட விளம்பரம் வட்டத்துக்குள் இறங்கியது. சந்தையில் கீரை விற்கும் சீனத்தி தன் போனில் அதைப் பார்த்தாள். பள்ளிவாசல் வாசலில் நின்ற மலாய்க்காரர்கள் கீழே ஓடிய மலாய் எழுத்தைப் படித்தார்கள். முடிதிருத்தும் கடையில், கிளினிக் பெஞ்சில், பேருந்து நிற்கும் இடத்தில் ஒய்.பி. எழுந்தார், பொத்தானைப் போட்டார், போனைப் பார்த்தார், சிரித்தார், உட்கார்ந்தார். மூடிவிட்டுத் திறந்தாலும் மறுபடி எழுந்தார். ஒரு காதுகுத்து விருந்தில் மேடையேறப் போன தர்மேந்திரனை ஒரு கிழவி நிறுத்தி, "ஏன்யா எழுந்து நின்ன?" என்று கேட்டுவிட்டாளாம். அவர் விருந்து சாப்பிடாமல் கிளம்பிவிட்டாராம்.

பதிலும் வந்தது. முதலில் லயத்துக்குத் தண்ணீர் நின்றது. குழாயைத் திறந்தால் காற்று சீறியது. பிறகு ஹுசைனின் கடைக்குச் சுகாதாரச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். அடுப்பை, சாக்கடையை, அண்டாவைக் கிளறினார்கள். ஒன்றும் அகப்படாமல் போகும்போது, "திரும்பி வருவோம்" என்று மட்டும் சொன்னார்கள். கறுப்புக் கார் ஒன்று லயத்துப் பாதையில் விளக்கை அணைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கியது. யாரும் இறங்கவில்லை. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பெண்கள் பிள்ளைகளை வெளியே விடவில்லை. நாய்கள்கூட அந்தப் பக்கம் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன.

விளம்பரம் பற்றிப் புகார் வந்திருப்பதாகச் சொல்லிப் பத்துமலையையும் ஹுசைனையும் போலீசார் விசாரணைக்கு அழைத்தார்கள்.

"யாரு சொல்லிக் கொடுத்துப் பேசினீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"யாரும் சொல்லிக் கொடுக்கல."

"எந்தக் கட்சி?"

"நான் பேசினதுல பொய் இருக்கா? அத மொதல்ல சொல்லுங்க."

ஹுசைனின் போனை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். வெளியே வந்தபோது ஹுசைன் முதல் முறையாக நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. "அதுலதாண்ணே எல்லாம் இருக்கு. விளம்பரம் இன்னிக்கோட நின்னுரும்" என்றான்.

"கடைய மூடிருவாங்களா?"

"பாப்போம். மூடினா உங்க லயத்துல வந்து அடுப்பு போட்டுக்கறேன்." சொல்லிவிட்டுத்தான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது, லயமே இருக்காது என்று.

மாதக் கடைசி வந்தது. விடிந்ததும் லாரியிலிருந்து மண்வாரி இயந்திரத்தை இறக்கினார்கள். மஞ்சள் நிறம், சங்கிலிச் சக்கரம், முன்னால் பற்கள். லயத்தின் முதல் வீடு பத்துமலையுடையது. அதன் எதிரே அது வந்து நின்று உறுமியது. சதாசிவம் குடை பிடித்திருந்தார். மழை இல்லை.

"சாமானெல்லாம் வெளிய எடுத்துருங்க. நல்லதுக்குச் சொல்றேன்."

பத்துமலை கதவின் முன்னால் நின்றார். ராக்காயி பக்கத்தில் வந்து நின்றாள். தினேஸ்வரி வந்தாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். வந்தும் அவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த இயந்திரத்தின் முன்னால் மிகக் கொஞ்சமாகத் தெரிந்தார்கள்.

"இத்தனை பேரா?" என்றார் சதாசிவம். "இந்த ஓட்டுக்கு எந்த ஒய்.பி. பயப்படுவாரு?"

அப்போது செம்பனைக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்டது. லயத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்புக் காரோடு வந்த ஆட்கள் என்று நினைத்துத் தினேஸ்வரி ஒரு மட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். வந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். தெரியாத முகங்கள். பின்னாலேயே ஒரு வேன், அதிலிருந்து இன்னும் சிலர். இரண்டு மலாய்க் குடும்பங்கள். சந்தைச் சீனத்தி தன் மகனோடு. கடைசியில் தேத்தண்ணி டின்னைத் தூக்கிக்கொண்டு ஹுசைன்.

முன்னால் வந்த பெண் பத்துமலையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்கதானேண்ணே போன்ல பேசினது? நான் பிரமிளா. மலைக்கு அந்தப் பக்கத் தோட்டம். போன வாரம் எங்க கதவுலயும் செவப்பு அடிச்சுட்டாங்க. நாங்க மட்டும்தான்னு நெனச்சோம்."

"எங்களுக்கும் ஒய்.பி. இவருதான்" என்றார் மலாய்க்காரர்களில் மூத்தவர், மலாயில். தீர்மானம் தோற்றதால் அவருடைய கிராமமான கம்போங்கின் வாய்க்கால் நிலமும் அதே தாமானுக்குப் போயிருந்தது.

வந்தவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. போய்ச் சுவரோடு நின்றார்கள். வரிசை முதல் வீட்டைத் தாண்டி இரண்டாவது, மூன்றாவது வீட்டுக்கு நீண்டது.

சதாசிவம் போனை எடுத்து ஒதுங்கிப் போனார். "ஆமா ஒய்.பி.… இல்ல ஒய்.பி., நம்ம தொகுதி ஆளுங்கதான்… எல்லாரும் நம்ம தொகுதிதான்…" நீண்ட நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது யார் கண்ணையும் பார்க்கவில்லை. "இன்னிக்கு வேணாமாம். ஆனா மெசின் இங்கதான் நிக்கும். நாளைக்கு இருக்கு" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. நாளைக்கு என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஓட்டுபவன் இயந்திரத்தை அணைத்தான், ஆனால் இருக்கையை விட்டு இறங்கவில்லை. கறுப்புக் கார் சற்றுத் தூரத்தில் அப்படியே நின்றது.

ராக்காயி மளமளவென்று பேசினாள். இன்று இங்கே யார் காவல், நாளை யார், பிரமிளாவின் தோட்டத்துக்கு யார் போவது. தண்ணீரை மலாய்க்காரர்கள் தங்கள் கம்போங்கிலிருந்து கொண்டு வருவதாகச் சொன்னார்கள். ஹுசைன் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, "விளம்பரம்தான் இல்ல. என் போனு அங்க மாட்டிக்கிச்சு" என்றான்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் பிரமிளா. தன் போனை எடுத்துப் பத்துமலையிடம் நீட்டினாள். "எங்க தோட்டத்துக்கும் ஒன்னு போடணும்ணே. நான் பேசுறேன். நீங்க புடிங்க."

பத்துமலை அந்தப் போனை வாங்கினார். பிடிக்கத் தெரியவில்லை. தினேஸ்வரி அவர் விரலை நகர்த்திச் சரியாக வைத்தாள். பிரமிளா சுவரோடு நின்றவர்களின் நடுவே போய் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"பேரச் சொல்லும்மா. எந்தத் தோட்டம்னும் சொல்லு" என்றார் பத்துமலை.

"என் பேரு பிரமிளா…"

எதிரே இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கியது. பிரமிளா குரலை உயர்த்தினாள்.